சட்டைப் பையில் ஒரு கட்டு பீடி

(நூலக வார விழாவையொட்டி, தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றின் கிளை நூலகத்தில் நெஞ்சுநோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பீடித் தட்டை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே, கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கும் தம்பிமார்களே!

புகைபிடிப்பதால் வரும் கேடு என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வந்திருக்கும் என்று தெரியும். சினிமா தொடங்குமுன் காட்டுகிற புற்றுநோய்ப் படம், சிகரெட் பெட்டிமேல் அச்சடித்திருக்கும் அழுகிய வாய். அந்தப் படங்கள் பொய் இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் நெஞ்சுநோய்ப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் பக்கத்தில் புகை ஆளைக் கொண்டுபோகிற வழிகளில் புற்றுநோய் ஒன்றுதான். காசம், மூச்சிரைப்பு, மாரடைப்பு என்று வேறு வழிகள் இருக்கின்றன. அந்த வழியாகப் போகிறவர்களை யாரும் புகையின் கணக்கில் எழுதுவதில்லை. இன்று காசத்தைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசப் போகிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது.

1990களின் நடுவில் நான் வேலை பார்த்த வார்டில் ஒருவர் சேர்ந்தார். வாழைத்தார் சுமக்கிற தொழிலாளி. வயது நாற்பத்திரண்டு. இரண்டு தாரைத் தோளில் ஏற்றி லாரிப் பலகைமேல் நடந்து ஏறிய மனுஷன், வார்டுப் படிக்கட்டில் நடுவில் உட்கார்ந்துவிட்டு வந்தார். இருமலில் ரத்தம். சளியில் கிருமி இருந்தது. மாத்திரை தொடங்கினோம். அவர் ஒரு வேளைகூடத் தவறவிட்டவர் இல்லை. காலையில் நான் சுற்றிவரும்போது கட்டிலில் எழுந்து உட்காருவார். முதுகைக் காட்டக் குனியும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டு பீடி நழுவிப் போர்வைமேல் விழும். சிவப்பு நூல் கட்டிய பீடி. அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் சொருகிக்கொள்வார். நான் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைப்பேன். "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்பேன். அந்தக் கட்டைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை? காசம் கிருமியால் வருகிறது, கிருமிக்கு மாத்திரை இருக்கிறது, மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார், இதில் பீடிக்கு என்ன வேலை என்று நினைத்தேன். அதோடு, நாளெல்லாம் சுமை தூக்குகிறவருக்கு இருக்கிற ஒரே ஆறுதலையும் நான் பிடுங்க வேண்டுமா என்றும் நினைத்தேன். அதை இரக்கம் என்றே நம்பினேன்.

ஆறு மாதத்தில் குணமாகிப் போனார். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். இந்த முறை ஊசியும் சேர்த்துப் போட்டோம். நுரையீரலில் மூச்சு எடுத்துக்கொள்ள இடம் மிச்சமில்லை. இறப்புச் சான்றிதழ் வாங்க வந்த அவர் மனைவி வாசல் பக்கம் நின்று என்னிடம் சொன்னது இது: "பதினாறாம் நாள் படையல்ல அவுகளுக்குப் பிடிச்சதுன்னு ஒரு கட்டும் வச்சோம் சார். நான் சுத்துனதுதான்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. 2003இல்தான் உறைத்தது.

அந்த வருடம் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும், ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும், வேறு சிலரும் சேர்ந்து செய்தது. வெளிநாட்டுக் கணக்கு இல்லை, நம் கணக்கு. சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளுக்கு ஆட்கள் போனார்கள். எப்படி இறந்தார், என்ன உபாதை இருந்தது, பீடியோ சிகரெட்டோ குடிப்பாரா என்று வீட்டாரிடம் கேட்டு எழுதினார்கள். உயிரோடிருக்கும் 35,000 ஆண்களிடமும் புகைப் பழக்கத்தைக் கேட்டு இரண்டையும் ஒப்பிட்டார்கள். முடிவு இதுதான். புகைக்காதவரைவிடப் புகைக்கிறவர் காசத்தால் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. நகரத்திலும் அப்படித்தான், கிராமத்திலும் அப்படித்தான். இந்தியாவில் காசத்தால் சாகும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சாவுக்குப் புகைதான் பொறுப்பு என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் உயிர்.

அந்தக் கட்டுரையை வார்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தப் போர்வையும் அதன்மேல் கிடந்த சிவப்பு நூல் கட்டும்தான்.

கிருமியும் புகையும் எப்படிக் கூட்டுச் சேர்கின்றன என்று கேட்பீர்கள். நம் மூச்சுக்குழாயின் உள்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உண்டு. வயலில் காற்றடித்தால் நெற்கதிர் அலை அலையாகச் சாயுமே, அதுபோல அவை ஒரே திசையில் அசைந்துகொண்டே இருக்கும். தூசு, கிருமி, கரி என்று உள்ளே போனதெல்லாம் சளியில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைக்கு மேலேற்றி விடுவது இந்த மயிர்களின் வேலை. இரவும் பகலும் நடக்கிற பெருக்கும் வேலை இது. புகை பட்டால் அவை மரத்துப்போகும். வருடக்கணக்கில் பட்டால் உதிர்ந்தே போகும். பெருக்க ஆளில்லாத வீடு எப்படி ஆகும்? காற்றுப் பைகளுக்குள் காவல் நிற்கும் அணுக்களும் உண்டு. காசக் கிருமியை விழுங்கி அடைத்து வைப்பவை அவைதான். புகை அவற்றையும் தளர்த்திவிடுகிறது. நம் நாட்டில் எத்தனையோ கோடிப் பேரின் உடம்பில் காசக் கிருமி உறங்கிக் கிடக்கிறது. பெரும்பாலானவருக்கு அது கடைசிவரை விழிப்பதே இல்லை. விழித்துக்கொள்ளும்படி செய்கிற காரணங்களில் பசி ஒன்று, சர்க்கரை நோய் ஒன்று, புகை ஒன்று.

புகைக்கிறவர்களுக்குக் காலையில் எழுந்ததும் ஓர் இருமல் வரும். ஏன் காலையில் மட்டும்? ராத்திரி ஏழெட்டு மணி நேரம் புகை இல்லாததால் மிச்சமிருக்கும் மயிர்கள் விழித்து வேலை தொடங்குகின்றன. முந்தின நாள் குப்பையைத் தள்ளுகின்றன. உடனே இவர் ஒன்றைப் பற்ற வைத்து, "இருமல் நின்னுட்டு பாத்தீங்களா" என்பார். நின்றது இருமல் மட்டுமில்லை, பெருக்குகிறவளும்தான். பீடியை விட்டவருக்கு முதல் சில வாரம் இருமலும் சளியும் கூடுவதற்கும் காரணம் இதுவே. "விட்ட பிறகுதான் சார் சளியே வருது, எனக்கு இது ஒத்துக்கல" என்று மறுபடி பிடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சளி நல்ல செய்தி. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கம் நாம் பீடியைப் பிடிக்கிறோம் என்று சொல்வதைவிட, குடிக்கிறோம் என்றுதான் சொல்கிறோம். நல்ல சொல் அது. தண்ணீர் எப்படி உடம்பு முழுக்கப் போகிறதோ அப்படித்தான் புகையும் போகிறது. இழுத்த பத்து விநாடிக்குள் நிகோடின் மூளையைத் தொட்டுவிடும். சிகரெட் புகையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன, அவற்றில் எழுபது வரை புற்றுநோய் உண்டாக்குபவை. கார்பன் மோனாக்சைடு என்ற வாயு, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. இதயம் அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். ஐம்பது வயதில் டீக்கடை பெஞ்சிலேயே சாய்ந்துபோனார் என்று கேள்விப்படுகிறோமே, அவர்களில் பலரின் கதை இதுதான்.

இளைஞர்கள் என்னிடம் சொல்வது: "சார், நாங்க பீடி குடிக்கிறதில்ல, சிகரெட்தான். ஃபில்டர் இருக்கு." பெரியவர்கள் சொல்வது: "சிகரெட்டுலதான் கெமிக்கல். பீடி வெறும் இலை, தூள், இயற்கை." இரண்டு பேரும் என்னிடம் ஒரே படுக்கைக்குத்தான் வந்திருக்கிறார்கள். பீடியில் இருக்கும் தூள் சிகரெட்டில் இருப்பதில் கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் பீடி இலையில் காற்று புகாது. தொடர்ந்து இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டும். ஃபில்டர் கதையும் அப்படியே. நெஞ்சுக்குள் போகிற புகையை அது சுத்தமாக்கிவிடாது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, நாடு முழுக்க 11 லட்சம் வீடுகளைப் பார்த்துச் சொன்னது: சிகரெட் பிடிக்கும் ஆணுக்கு ஆயுளில் சுமார் 10 வருடம் குறைகிறது, பீடி பிடிக்கும் ஆணுக்குச் சுமார் 6, பீடி பிடிக்கும் பெண்ணுக்குச் சுமார் 8. நாளைக்கு ஏழு சிகரெட்டுக்குள் நிறுத்திக்கொள்கிறவர்களிடமும் சாவு விகிதம் இரு மடங்கை ஒட்டி இருந்தது. "நான் கம்மியாத்தான் பிடிக்கிறேன்" என்பதற்கு உடம்பு சலுகை கொடுப்பதில்லை.

நம் மக்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. புகையிலை நம் வாழ்க்கையில் எவ்வளவு மரியாதையோடு உட்கார்ந்திருந்தது என்பது இந்த நூலகத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். போர்த்துக்கீசியர் வழியாக வந்த இலை அது. பின்னாளில் நம் சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் தூது போக அதைத் தேர்ந்தெடுத்தார். 'புகையிலை விடு தூது' என்ற அந்த நூலை உ.வே.சா. பதிப்பித்திருக்கிறார். இந்த மண்ணில் சுடலைமாடனுக்குச் சுருட்டு வைக்காத கொடை உண்டா? விருந்தாளிக்கு வெற்றிலைத் தட்டில் புகையிலை, வேலைக்காரருக்குக் கூலியோடு பீடி, கல்லூரிப் பையனுக்குத் திரையில் நாயகன் காற்றில் எறிந்து வாயில் பிடிக்கும் சிகரெட். பெட்டிக்கடைத் தூணில் ஒரு கயிறு தொங்கும், நுனியில் நெருப்பு கனன்றபடி. தீப்பெட்டிகூட வாங்க வேண்டாம், குனிந்து முகத்தைக் காட்டினால் போதும். வழியெல்லாம் இப்படி வாசல் திறந்து வைத்துவிட்டு, "அது அவனவன் விருப்பம்" என்று சொல்வது நியாயமில்லை.

அவனவன் விருப்பம் என்றால் அதன் விளைவும் அவனோடு நிற்க வேண்டும். நிற்கிறதா? ஜப்பானில் தகேஷி ஹிரயாமா என்ற ஆய்வாளர், புகை பிடிக்காத மனைவிமார் 91,540 பேரைப் பதினான்கு வருடம் பின்தொடர்ந்தார். நாளுக்கு இருபதும் அதற்கு மேலும் பிடிக்கும் கணவர்களின் மனைவிமாருக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய இரு மடங்கு என்று 1981இல் எழுதினார். புகையைத் தொடாத பெண்கள் அவர்கள். நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒற்றை அறை, ஒரு ஜன்னல். அடிக்கடி நெஞ்சு அடைத்து மூச்சு இழுக்கிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் வருவாள். "வீட்டுல யாரும்மா பீடி குடிக்கிறாங்க?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். மாமனார் என்றும் சொல்ல முடியாது, கணவர் என்றும் சொல்ல முடியாது.

காசு கணக்கும் பார்ப்போம். ஒரு சிகரெட் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஐந்து என்றால் வருடத்துக்கு 18,250 ரூபாய். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு. இது ஆள் நன்றாக இருக்கும்போது. படுத்துவிட்டால் அவர் கூலி நிற்கும், அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் கூலியும் நிற்கும். காசம் என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு வருகிறவர்கள் தெருமுனையிலேயே திரும்பிப் போவார்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

அக்காமார்களே, இனி உங்களைப் பற்றி. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் காட்டில் பறித்த இலை வருகிறது. குஜராத்திலிருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணியிலிருந்தும் தூள் வருகிறது. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் கடையத்திலும் மேலப்பாளையத்திலும் அதைச் சுற்றுவது உங்கள் விரல். ராத்திரி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைக்கிறீர்கள். விடிந்ததும் தகட்டை வைத்து வெட்டி, மடியில் தட்டை ஏற்றினால் ஆயிரம் முடிகிற வரை முதுகு நிமிராது. விரல் நகம் தேய்ந்திருக்கும். தூள் மூக்கில் ஏறும், புடவையில் ஒட்டும், பக்கத்தில் தூங்குகிற பிள்ளையின் முகத்தில் படியும். தோல் வழியாகவும் நிகோடின் உடம்புக்குள் போகிறது. பீடி சுற்றுகிற, ஒரு பீடிகூடக் குடிக்காத பெண்களின் சிறுநீரில் அதன் தடயம் கண்டிருக்கிறார்கள். தலை கிறுகிறுப்பு, குமட்டல், இருமல் என்று நீங்கள் சொல்வதெல்லாம் கற்பனை இல்லை.

இன்று மாலையே தட்டைத் தூக்கி எறியுங்கள் என்று சொன்னால் நான் பொறுப்பில்லாதவன். இந்தத் தட்டுதான் பல வீட்டில் அடுப்பு எரிய வைத்தது, பெண்பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பியது என்று எனக்குத் தெரியும். அரசாங்கமும் தெரிந்துதான் 1966இல் பீடித் தொழிலாளர் சட்டமும் 1976இல் நலநிதிச் சட்டமும் கொண்டு வந்தது. வரி போடும்போதும், சிகரெட் மேல் விதித்த கூடுதல் செஸ்ஸை 2017இல் பீடி மேல் விதிக்கவில்லை. தொழிலாளி பெயரைச் சொல்லித்தான் அந்தச் சலுகை. ஆனால் பீடி மலிவாக இருப்பதால் உங்கள் கூலி கூடியதா என்று நீங்களே சொல்லுங்கள். மலிவாக இருப்பதால் அது உங்கள் வீட்டு ஆண்களின் சட்டைப் பைக்குத்தான் வந்து சேர்ந்தது. எனக்கு ஒளிக்காமல் சொல்லத் தோன்றுகிறது: உங்களுக்கு வேறு வேலை ஏற்படுத்தித் தராமல் இதைப் பற்றி மேடையில் பேசுவது அரைப் பேச்சு. தையலோ, பால் மாடோ, நூறு நாள் வேலை தாண்டிய ஒரு வேலையோ, அதைக் கேட்டு வாங்கும் இடத்துக்கு நானும் உங்களோடு வரத் தயார். அதுவரை, திறந்த இடத்தில் உட்கார்ந்து சுற்றுங்கள், மூக்கைத் துணியால் கட்டுங்கள், தட்டுப் பக்கத்தில் பிள்ளையைத் தூங்க வைக்காதீர்கள், சோறு பிசைவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. 2003இல் வந்தது. பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்ற விதி 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, பள்ளிக்கு நூறு கஜத்துக்குள் கடை கூடாது. பெட்டியில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் பெட்டியாகவா வாங்குகிறார்கள்? ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்குகிறவன் கையில் படம் எங்கே வரும்?

இனி விடுவதைப் பற்றி. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இருவர் 1951இல் டாக்டர்களுக்கே கடிதம் எழுதி அவர்கள் புகைப் பழக்கத்தைக் கேட்டார்கள். 34,439 ஆண் மருத்துவர்களை அந்த ஆய்வு ஐம்பது வருடம் பின்தொடர்ந்தது. இதற்கு முன் நடத்திய ஆராய்ச்சி போன போக்கைப் பார்த்தே டால் சிகரெட்டை விட்டிருந்தார். நம் தமிழ்நாட்டு ஆய்வில் கைகோத்த அதே பீட்டோ, இந்த ஐம்பது வருடக் கணக்கை 2004இல் டாலுடன் சேர்ந்து எழுதினார். விடாமல் புகைத்தவருக்குப் பத்து வருட ஆயுள் போகிறது. 60 வயதில் விட்டால் அதில் 3 வருடம் திரும்புகிறது. 50இல் விட்டால் 6. 40இல் விட்டால் 9. முப்பதில் விட்டவருக்கு ஏறக்குறைய முழுவதும். பின்னால் நிற்கிற தம்பிமார் இந்தக் கடைசிக் கணக்கைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.

விட முடியாது என்பதற்கு நான் அதிகம் கேட்ட காரணம், "காலைல ஒண்ணு குடிச்சாத்தான் சார் வெளிக்கு இருக்க முடியும்." கூச்சப்பட வேண்டாம், இது மெய்தான். நிகோடின் குடலையும் முடுக்குகிறது, நிறுத்தினால் சில வாரம் மலச்சிக்கல் வரும். விடிந்ததும் ரெண்டு டம்ளர் வெந்நீர், ராத்திரி ஒரு நாட்டு வாழைப்பழம், கொஞ்சம் நடை. குடல் தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். முதல் மூன்று நாள் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், வீட்டில் எல்லோர் மேலும் கோபம் வரும். வீட்டில் இருப்பவர்கள் அந்த ஒரு வாரம் மட்டும் அவரிடம் கணக்குக் கேட்காதீர்கள். ஆசை எழும்பினால் அது ஐந்து நிமிடத்துக்குள் தணியும், அந்த ஐந்து நிமிடத்துக்கு டீக்கடைப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். தனியாக முடியவில்லை என்றால் நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. ஒரு முறை விட்டுத் தோற்றவர்கள் மறுபடி வாருங்கள். மூன்றாவது, நான்காவது தடவையில் ஜெயித்தவர்கள்தான் என்னிடம் அதிகம்.

2003க்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, காசம் என்று வந்த ஒவ்வொருவரிடமும் முதல் நாளே பீடி பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேட்க ஒரு நிமிடம் ஆகும். பலர் விடவில்லை. ஆனால் ஒரு மேஸ்திரி, மாத்திரை முடிந்த அன்று கட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "ரெண்டு மாசமா பிரிக்கல சார்" என்றார். காகிதம் மங்கி, தலைமடக்கெல்லாம் காய்ந்து விரிந்திருந்தது. வாழைத்தார் சுமந்தவரிடமும் நான் கேட்டிருந்தால் அவர் விட்டிருப்பாரா? தெரியாது. கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

பேச்சை இத்தோடு நிறுத்துகிறேன். ஜன்னல் ஓரம் மேசைமேல் ஊதிப் பார்க்கிற குழாய் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரே மூச்சில் வேகமாக ஊதினால் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து உங்கள் மூச்சைச் சொல்லிவிடலாம். ஒவ்வொருவருக்கும் வாயில் வைக்கும் குழல் புதிதாக உண்டு. வரிசையில் முதலில் அக்காமார்கள் வாருங்கள், உங்களுக்கு வீட்டில் நனைத்த இலை காத்திருக்கும். தம்பிமார்கள் போய்விடாதீர்கள், உங்களுக்கும் குழல் வைத்திருக்கிறேன்.